570 புள்ளி பெரிதா, 4,389 புள்ளி பெரிதா?

வாசகர் கேள்வி - பதில்

சந்தை ஒரு நாள் எகிறினாலோ விழுந்தாலோ போதும், நமக்கு வரும் கடிதங்கள் இரண்டு மடங்காகிவிடுகின்றன. ஏற்ற இறக்கம் பற்றிச் சேர்ந்துபோன கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்டிருந்தவர்கள் மன்னிக்கவும், அதற்கு நான் ஆள் இல்லை.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த அன்று மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 4,389 புள்ளி விழுந்தது. "வரலாறு காணாத வீழ்ச்சி" என்று டிவியில் நாள் முழுக்க ஓட்டினார்கள். நிஜமாகவே அதுதான் இந்தியச் சந்தையின் மிகப் பெரிய சரிவா? (ஈரோடு வாசகர்)

புள்ளிக் கணக்கில் ஆமாம். பட்ட அடியை வைத்துப் பார்த்தால் கிட்டக்கூட வராது.

அன்று விழுந்தது 5.74 சதவீதம். 1992 ஏப்ரல் 28 அன்று சென்செக்ஸ் இறங்கியது வெறும் 570 புள்ளிதான், ஆனால் அது 12.77 சதவீதம். சந்தையில் ஒரு லட்சம் வைத்திருந்தவருக்கு 2024இல் 5,740 ரூபாய் குறைந்தது என்றால், 1992இல் அதே ஒரு லட்சத்தில் 12,770 ரூபாய் போயிருக்கும். எது பெரிய சரிவு என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த 1992 கதை தெரியாத இளைஞர்களுக்காகச் சுருக்கமாக: வங்கிகளுக்குள் நடக்கும் அரசுப் பத்திரப் பரிவர்த்தனையில் இருந்த ஓட்டை வழியாகப் பணத்தை எடுத்துப் பங்குச்சந்தையில் கொட்டியவர் ஹர்ஷத் மேத்தா. வருடத் தொடக்கத்தில் 1,900 அளவில் இருந்த சென்செக்ஸ் ஏப்ரல் 22 அன்று 4,467இல் நின்றது. நான்கு மாதம்கூட ஆகவில்லை, இரண்டு மடங்குக்கும் மேல். மறுநாளே விவகாரம் பத்திரிகையில் வந்தது, அடுத்த வாரம் அந்த 570 புள்ளி, ஒரு வருடத்துக்குள் சந்தை பாதிக்கும் கீழே.

சதவீதத்தில் பார்த்தால் முதல் இடம் 2020 மார்ச் 23க்கு. கொரோனா ஊரடங்கு பயத்தில் ஒரே நாளில் 13.15 சதவீதம், அதாவது 3,934 புள்ளி. அதற்கு அடுத்து 1992. பிறகு 2004 மே 17 (11.14), 2008 அக்டோபர் 24 (10.96). நீங்கள் சொல்லும் ஜூன் 4 இந்த வரிசையின் பக்கத்திலேயே இல்லை. அதுவும் முந்தின நாள்தான் கருத்துக்கணிப்பை நம்பிச் சந்தை 2,507 புள்ளி எகிறியிருந்தது, அந்தக் காற்றும் சேர்த்துத்தான் இறங்கியது. அந்த வெள்ளிக்கிழமையே சென்செக்ஸ் 76,693இல் முடிந்து, ஜூன் 3இன் உயரத்தைத் தாண்டிவிட்டது.

சென்செக்ஸ் 10,000இல் இருந்தபோது ஆயிரம் புள்ளி என்றால் 10 சதவீதம், வயிறு கலங்கும். 80,000இல் அதே ஆயிரம் வெறும் 1.25 சதவீதம். டிவிக்காரர்களுக்கும் இது தெரியும். ஆனால் "1.25 சதவீதம் சரிவு" என்று சிவப்பு எழுத்தில் போட்டால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

2020 மார்ச் 23 அன்று பயந்துபோய் மியூச்சுவல் ஃபண்டு எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். "கொஞ்சம் அடங்கட்டும், திரும்ப நுழையலாம்" என்று காத்திருந்தேன். அடங்கவே இல்லை, ஏறிக்கொண்டே போனது, நான் வெளியிலேயே நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் இன்றுவரை குத்திக்காட்டுகிறார். அன்று நான் செய்தது அவ்வளவு பெரிய முட்டாள்தனமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, தூத்துக்குடி)

முட்டாள்தனம் இல்லை அம்மா. 2008 அக்டோபரில் நானும் இதையே செய்தவன், அதனால் உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பெரிய சரிவு நாட்களும் பெரிய ஏற்ற நாட்களும் தனித்தனியாக வருவதில்லை, அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன. நீங்கள் விற்ற மார்ச் 23இல் சந்தை 13 சதவீதம் விழுந்ததா, 25ஆம் தேதி 6.98 சதவீதம் ஏறியது, 26ஆம் தேதி இன்னொரு 4.94, ஏப்ரல் 7 அன்று ஒரே நாளில் 8.97. நாடே கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் அவை, நல்ல செய்தி என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் அடங்கி மனசுக்குத் தெம்பு வந்து நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் ஏற்றத்தில் பெரும்பங்கு முடிந்திருந்தது. அந்த நவம்பரிலேயே சென்செக்ஸ் கொரோனாவுக்கு முந்தைய உச்சத்தைத் தாண்டிவிட்டது.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் அதிகமாக ஏறியது எப்போது என்று கேட்டால், ஏதோ பொன்னான காலத்தில் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1933 மார்ச் 15, 15.34 சதவீதம். பொருளாதாரப் பெருமந்தத்தின் நட்டநடுவில், நாட்டின் வங்கிகளை எல்லாம் அதிபர் ரூஸ்வெல்ட் மூடச் சொல்லி, பங்குச்சந்தையும் பல நாள் மூடிக்கிடந்து, திறந்த அன்று. அதற்கு அடுத்தது 1931 அக்டோபர் 6, 14.87 சதவீதம், அதுவும் மந்தம்தான். 1929இல் திங்கள், செவ்வாய் இரண்டே நாளில் 12.82, 11.73 என்று நொறுங்கியபின் புதன்கிழமை 12.34 ஏறியிருக்கிறது. 2008 அக்டோபர் 13 அன்று 11 சதவீதம் ஏற்றம், இரண்டு நாள் கழித்து 7.87 சதவீதம் இறக்கம். குலுக்கல் என்றால் இரண்டு பக்கமும் குலுக்கும்.

அதனால் "விழும் நாளைத் தவிர்த்துவிட்டு ஏறும் நாளைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பணத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஃபண்டு ஏஜென்ட் மாதிரி ஆகிவிடுவேன். "விற்காமல் வைத்திருந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்பது எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் நடந்ததில்லை. அந்த 1929 புதன்கிழமை ஏற்றத்தை நம்பி உள்ளே போனவர்கள் கதி என்ன? 1929 செப்டம்பர் 3இல் 381ஆக இருந்த டவ், 1932 ஜூலையில் 41. நூறு ரூபாய் பதினொரு ரூபாய் ஆன மாதிரி. பழைய உயரத்தைத் திரும்பத் தொட 1954 நவம்பர் வரை ஆயிற்று. ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பர் கடைசியில் தொட்ட 38,915ஐத் திரும்பத் தாண்டியது 2024 பிப்ரவரியில், 34 வருடம் கழித்து. 2020இல் எட்டே மாதத்தில் திரும்பியது நமக்கு வாய்த்த நல்ல நேரம். அன்று உங்களுக்கு அடுத்த வருடச் செலவுக்கு வேண்டிய பணமாக அது இருந்திருந்தால், விற்றது சரிதான். பத்து வருடம் தொடத் தேவையில்லாத பணம் என்றால், கொஞ்சம் அவசரம்.

சந்தை ரொம்ப விழுந்தால் மொத்தமாக நிறுத்திவிடுவார்களாமே, நிஜமா? (மதுரை வாசகர்)

நிஜம்தான். சென்செக்ஸோ, தேசியப் பங்குச்சந்தையின் குறியீடான நிஃப்டியோ, எது முதலில் தொடுகிறதோ, 10, 15, 20 சதவீதம் என்று மூன்று கட்டம், சர்க்யூட் பிரேக்கர் என்பார்கள். 10 சதவீதத்தைப் பகல் ஒரு மணிக்கு முன்னால் தொட்டால் 45 நிமிடம் நிறுத்தம், ஒரு மணிக்குமேல் இரண்டரைக்குள் என்றால் 15 நிமிடம், அதற்குப் பிறகு என்றால் நிறுத்துவதில்லை, எப்படியும் மூன்றரைக்குக் கடையை மூடத்தானே போகிறார்கள். 15 சதவீதத்துக்கு நிறுத்தம் இன்னும் நீளம். 20 தொட்டுவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி 2001 ஜூலையில் கொண்டுவந்த ஏற்பாடு இது, நேர அளவுகளைப் பின்னால் மாற்றினார்கள்.

நிறுத்தினால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். 2020 மார்ச் 13, வெள்ளிக்கிழமை காலை, சந்தை திறந்த வேகத்தில் 10 சதவீதம் விழுந்து 45 நிமிடம் நின்றது. திறந்தபின் மெல்ல எழுந்து, அன்று மாலை 1,325 புள்ளி ஏற்றத்தில் முடிந்தது! காலையில் பதறி விற்றவர் டீ குடித்துவிட்டு வந்து பார்த்திருந்தால் அழுதிருப்பார். சரி, நிறுத்தினால் குணமாகிவிடும் என்று இதை வைத்து முடிவு செய்தால், பத்தே நாளில் மார்ச் 23 வந்தது. அன்றும் 10 சதவீதத்தில் நிறுத்தினார்கள், திறந்தபின் இன்னும் விழுந்தது. 2004 மே 17 அன்று இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. வாஜ்பாய் அரசு தோற்று, வரப்போகும் ஆட்சிக்கு இடதுசாரிகள் ஆதரவு, பொதுத்துறைப் பங்கு விற்பனை நின்றுவிடும் என்ற பயம். மறுநாளே 8 சதவீதம் திரும்ப ஏறியது.

மூச்சு விட ஒரு இடைவெளி, அவ்வளவுதான் அது. காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது மாதிரி.

விழும்போது நிறுத்துவது சரி. ஏறும்போதும் நிறுத்துவார்களாமே, அது எதற்கு? லாபம் வந்தால் யாருக்கு என்ன கஷ்டம்? (கரூர் வாசகர்)

யாராவது விலை இறங்கும் என்று பந்தயம் கட்டி, கையில் இல்லாத பங்கை முன்கூட்டி விற்றிருப்பார்களே, அவர்களுக்குக் கஷ்டம். அவர்கள் பணம் கட்ட முடியாமல் போனால் புரோக்கருக்குக் கஷ்டம், புரோக்கர் விழுந்தால் உங்களுக்கும் கஷ்டம். 2009 மே 18 அன்று இதுதான் நடந்தது. மன்மோகன் சிங் அரசு எதிர்பார்த்ததைவிடப் பலமாகத் திரும்பி வந்தது, திங்கட்கிழமை சந்தை திறந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மேல் சர்க்யூட். நிறுத்தித் திறந்தார்கள், திரும்ப எகிறியது, அன்றைக்கு மூடியேவிட்டார்கள். 17.34 சதவீதம், 2,110 புள்ளி. வாங்க நினைத்தவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள்.

என் பங்கு ஒன்று தினமும் 5 சதவீதம் இறங்கி "லோயர் சர்க்யூட்" என்று காட்டுகிறது. விற்கப் போட்டால் விற்கவே மாட்டேன் என்கிறது. சந்தை நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது? (நாமக்கல் வாசகர்)

மேலே சொன்னது மொத்தச் சந்தைக்கான நிறுத்தம். உங்களுக்கு நேர்ந்தது வேறு, ஒரு பங்கு ஒரே நாளில் இவ்வளவுக்குமேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று 2, 5, 10, 20 சதவீதம் என ஒவ்வொன்றுக்கும் வேலி போட்டிருப்பார்கள். ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (பின்னொரு தேதியில் இன்ன விலைக்கு வாங்க, விற்க இப்போதே போடும் ஒப்பந்தங்கள்) வியாபாரம் நடக்கும் பெரிய பங்குகளுக்கு அந்த நிலையான வேலி கிடையாது.

வேலியைத் தொட்டபின்னும் வியாபாரம் தடையில்லை, அந்த விலையில் வாங்க ஆள் வந்தால் விற்கும். பிரச்சினை என்னவென்றால் ஆளே வருவதில்லை. விற்க வரிசையில் லட்சக்கணக்கில் பங்குகள், வாங்கும் பக்கம் பூஜ்யம். ஒரே விலையில் முதலில் போட்டவருக்குத்தான் முதலில் விற்கும் என்பதால், மத்தியானம் ஞாபகம் வந்து போடுவதில் பயன் குறைவு. தினம் 5 சதவீதம்தானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது, பத்து நாள் தொடர்ந்தால் நூறு ரூபாய்ப் பங்கு அறுபதுக்கு வந்துவிடும். பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொல்லி வாங்கிய சின்னக் கம்பெனிகளில்தான் இந்த ஊமை வீழ்ச்சி நடக்கும். உங்களுடையது எது என்று நான் கேட்கவில்லை.

1987இல் அமெரிக்கச் சந்தை ஒரே நாளில் 22 சதவீதம் விழுந்ததாகப் படித்தேன். உலகப் போரா, பஞ்சமா, ஒன்றும் இல்லாமல் அது எப்படி? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மயிலாப்பூர்)

சார், எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

1987 அக்டோபர் 19, டவ் 508 புள்ளி, 22.6 சதவீதம். சென்செக்ஸ் 80,000இல் இருக்கும்போது இப்படி விழுந்தால் ஒரே நாளில் 18,000 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னக் காரணங்கள் இருந்தன, வட்டி ஏறிக்கொண்டிருந்தது, வர்த்தகப் பற்றாக்குறை எண்கள் மோசம், முந்தின வெள்ளிக்கிழமையே 108 புள்ளி போயிருந்தது. ஆனால் இதெல்லாம் சேர்ந்தாலும் 22 சதவீதத்துக்குப் போதாது.

பெரிய பங்கு வகித்தது, நஷ்டத்தைத் தடுக்க என்று கண்டுபிடித்த ஒரு ஏற்பாடு. "போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ்" என்று பெயர். சந்தை இவ்வளவு இறங்கினால் இவ்வளவு ஃப்யூச்சர்ஸை விற்றுவிடு, இன்னும் இறங்கினால் இன்னும் விற்றுவிடு என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். ஒருவர் இரண்டு பேர் செய்தால் புத்திசாலித்தனம். பெரிய பெரிய பென்ஷன் ஃபண்டுகள் எல்லாம் அதே கணக்கை வைத்திருந்தால்? விலை இறங்கியதும் எல்லாரும் விற்கிறார்கள், விற்பதால் விலை இறங்குகிறது, இறங்கியதால் கணக்கு இன்னும் விற்கச் சொல்கிறது. கல்யாண மண்டபத்தில் ஒரே ஒரு வாசல், தீ என்று யாரோ கத்தினால் ஆளுக்கு ஆள் அதை நோக்கி ஓடுவது புத்திசாலித்தனம்தான், எல்லாரும் சேர்ந்து ஓடும்போது அங்கேதான் நசுங்குகிறார்கள்.

மறுநாள் காலை அமெரிக்க மத்திய வங்கி, வேண்டிய பணத்தை வங்கிகளுக்குத் தருவோம் என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியத்தில் அறிக்கை விட்டது. ஆலன் கிரீன்ஸ்பான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புதன்கிழமை டவ் 10 சதவீதம் ஏறியது. ஹாங்காங்கில் வேறு வழி பார்த்தார்கள், சந்தையையே நான்கு நாள் பூட்டிவிட்டார்கள், திறந்த அன்று 33 சதவீதம் விழுந்தது. பூட்டினால் பயம் உள்ளேயே ஊறும் போலிருக்கிறது. சர்க்யூட் பிரேக்கர் என்ற யோசனையே இந்த 1987க்குப் பின் நடந்த விசாரணையில் பிறந்ததுதான்.

இன்னொன்று. 1987 முழு வருடத்தைப் பார்த்தால் டவ் 2 சதவீதத்துக்குமேல் ஏற்றத்தில்தான் முடிந்திருக்கிறது. ஜனவரியில் தூங்கி டிசம்பரில் எழுந்தவருக்கு அந்த வருடம் ஒன்றுமே நடக்கவில்லை.

இந்தியா விக்ஸ் 13, 15 என்று சொல்கிறார்களே, அதை வைத்து என்ன புரிந்துகொள்வது? (கோவை வாசகி)

நிஃப்டி ஆப்ஷன் விலைகளில் இருந்து எடுக்கும் எண் அது, அடுத்த 30 நாளைக்கு எவ்வளவு குலுங்கும் என்று ஆப்ஷன் வாங்குபவர்களும் விற்பவர்களும் நினைக்கிறார்கள் என்பதை ஒரு வருடத்துக்கான சதவீதமாகச் சொல்கிறது. எளிய வழி: 16ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். விக்ஸ் 16 என்றால் தினம் ஒரு சதவீதம் போல மேலேயோ கீழேயோ ஆடும் என்று எதிர்பார்க்கிறார்கள். 2020 மார்ச்சில் அது 80ஐத் தாண்டியது, அதாவது தினம் 5 சதவீதம் ஆட்டம் சகஜம் என்று நினைத்தார்கள். எந்தப் பக்கம் என்று விக்ஸ் சொல்லாது. அதைச் சொல்கிறேன் என்பவரிடம் சூதானமாக இருங்கள்.

என் அக்கா மகன் "மாமா, சந்தை குதிக்கும் நாளில்தான் எஃப் அண்ட் ஓவில் காசு" என்கிறான், ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தைத்தான் சொல்கிறான். இரண்டு லட்சம் கடன் கேட்கிறான். கொடுக்கலாமா? (பாளையங்கோட்டை வாசகர்)

கொடுங்கள், கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ. இதற்கு வேண்டாம்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று வருடத்தில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம், தலைக்குச் சராசரியாக ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் போயிருக்கிறது. உங்கள் மருமகன் கேட்ட தொகை அப்படியே பொருந்துகிறது பாருங்கள்! மூன்று வருட மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்குமேல்.

பத்தாயிரம் போட்டு ஒரு லட்சத்துக்கு வியாபாரம் செய்தால், 10 சதவீதம் ஏறினால் பணம் இரட்டிப்பு, 10 சதவீதம் இறங்கினால் மொத்தமும் காலி. அவன் முதல் பாதியை மட்டும் உங்களிடம் சொல்லியிருப்பான். 1929இலும் கொஞ்சம் கைக்காசு, மிச்சம் புரோக்கர் கடன் என்றுதான் ஏகப்பட்ட பேர் பங்கு வாங்கியிருந்தார்கள். அக்டோபர் 29 அன்று நியூயார்க்கில் ஒரு கோடியே 64 லட்சம் பங்குகள் கைமாறின, விலையை அச்சடிக்கும் டிக்கர் இயந்திரம் மணிக்கணக்கில் பின்தங்கிவிட்டது. தான் ஏற்கெனவே ஓட்டாண்டி ஆகிவிட்டோம் என்பதே சாயங்காலம் வரை பலருக்குத் தெரியவில்லை. இப்போது மொபைலில் உடனே தெரிந்துவிடும், அது ஒன்றுதான் முன்னேற்றம்.

ஏன் சார் இந்தப் பெரிய அடி எல்லாம் திங்கட்கிழமையே விழுகிறது? (திருச்சி வாசகர்)

1987 திங்கள், 2004 திங்கள், 2008 ஜனவரி 21 திங்கள், 2015 ஆகஸ்ட் 24 திங்கள், 2020 மார்ச் 23 திங்கள். சனி ஞாயிறு சந்தைக்குத்தான் லீவு, செய்திகளுக்கு இல்லை. இரண்டு நாள் சேர்ந்த பயத்தை மொத்தமாகத் திங்கள் காலையில் இறக்கிவைக்கிறார்கள். ஆனால் 2009இன் அந்த 17 சதவீத ஏற்றமும் திங்கள்தான். 1992 செவ்வாய், 2024 செவ்வாய். ராகுகாலம் பார்த்து ஆர்டர் போடுபவர்களுக்கு என்னால் உதவ முடியாது.

என் பத்து வயது மகன் கேட்கிறான்: "ஒரே நாளில் லட்சம் கோடி போச்சு என்கிறார்களே, அந்தப் பணம் எங்கேப்பா போச்சு?" என்ன சொல்வது? (நிலக்கோட்டை வாசகர்)

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லிகைப்பூ கிலோ 2,000க்கு ஏலம் போகிறது. கூடையில் பத்து கிலோ வைத்திருக்கும் ஒருவர் "நம்மிடம் 20,000 ரூபாய் இருக்கிறது" என்று நினைத்துக்கொள்கிறார், விற்கவில்லை. மறுநாள் முகூர்த்தம் முடிந்தது, கிலோ 500. மீதி 15,000 எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, அது எப்போதும் அவர் பையில் இருந்ததே இல்லை. நேற்று யாரோ இரண்டு பேர் இரண்டாயிரத்துக்குக் கைமாற்றிய விலையை வைத்து ஊரில் இருந்த பூவுக்கெல்லாம் கணக்குப் போட்டது, அவ்வளவுதான். 2024 ஜூன் 4 அன்று 31 லட்சம் கோடி போனது என்று எழுதினார்களே, அதுவும் இப்படிப்பட்ட பெருக்கல் கணக்கு. அன்று நிஜமாகவே விற்றவருக்கு நஷ்டம் நிஜம், அது வேறு.

பூ சாயங்காலம் வாடிவிடும், பங்கு வாடாதே என்று பையன் மடக்குவான். சில கம்பெனிகளும் வாடும் என்று சொல்லுங்கள், எது என்று கேட்டால் என் பக்கம் கைகாட்டாதீர்கள்.